திங்கட்கிழமைக் கேள்வி: எங்கள் குடியிருப்பின் இருமல் கணக்கு எப்படி இருக்கிறது?

எங்கள் குடியிருப்பில் வாரா வாரம் காய்ச்சல், இருமலைக் கணக்கெடுக்கும் இந்தத் திங்கட்கிழமைக் கேள்வி போன வருடம் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது, இப்போது இரண்டாவது ஐப்பசி. ஒரு மழைக்காலம் முழுசாகப் பார்த்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். எங்கள் ஊர் சென்னை மடிப்பாக்கம், குடியிருப்பில் 64 வீடுகள். திங்கட்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். போன வாரம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கொழுகல், மூச்சுத் திணறல் இருந்ததா என்று கேட்கும். இல்லை என்றால் ஒரு தட்டு, முடிந்தது. இருந்தது என்றால் எத்தனை பேருக்கு, என்ன வயசு, என்றைக்கு ஆரம்பித்தது, வேலைக்கோ பள்ளிக்கோ லீவு போட்டார்களா, டாக்டரிடம் போனார்களா, ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று இன்னும் சில கேள்விகள் திறக்கும். பெயர் கேட்பதில்லை, வீட்டுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் பக்கத்தில் ஒரு பக்கத் தாள் ஒட்டியிருக்கும், குரூப்பிலும் வரும். காசு கிடையாது. நடத்துவது மூன்று பேர்: ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், புள்ளியியல் படிக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, சி பிளாக்கில் இருக்கும் நர்ஸ் அக்கா.

இந்த யோசனை கணக்கு சார் கொண்டுவந்தது. அவர் மகள் ஆஸ்திரேலியாவில் நியூகாசிலில் இருக்கிறார். அந்தப் பக்கம்தான், மக்களையே கேட்டு ஃப்ளூவைக் கணக்கெடுக்கும் ஃப்ளூட்ராக்கிங் 2006இல் சுமார் 400 பேரோடு தொடங்கியது. வாரா வாரம் திங்கட்கிழமை மின்னஞ்சல் வரும், உடம்பு சரியாக இருந்தால் பதினைந்து விநாடியில் பதில் போட்டுவிடலாம், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் சேர்த்தே போடலாம். 2020இல் அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், நியூசிலாந்திலும் நடக்கிறது. ஐரோப்பாவில் 2003இலேயே நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே மாதிரி ஆரம்பித்து, பிறகு பல நாடுகள் சேர்ந்து இன்ஃப்ளூயன்சாநெட் ஆனது. சார் ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் தங்கியபோது அவரையும் சேர்த்துப் பதில் போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நாமளும் பண்ணலாமே" என்றார்.

முதல் வாரம் 9 வீடுகள்தான் பதில் போட்டன. அதில் 6 வீட்டில் இருமல். அதை மட்டும் பார்த்தால் கட்டடத்தில் மூன்றில் இரண்டு பங்கு படுத்துக்கிடக்கிறது என்று அர்த்தம், ஆனால் வெளியே பிள்ளைகள் ஜம்மென்று கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். விஷயம் என்னவென்றால், உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் சொன்னார்கள், நன்றாக இருப்பவர்கள் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். சார் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லேல்ல? அதைத்தாம்மா எனக்குச் சொல்லணும். நீங்க சொல்லாம எத்தனை பேருக்கு இத்தனை பேர்னு நான் எப்படிக் கணக்குப் போடறது?" என்றார். அன்றைக்கு ராத்திரியே பதில் போட்டேன், அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமையும் விட்டதில்லை. புரட்டாசிக்குள் ஐம்பது வீடுகளுக்குக் குறையாமல் பதில் வர ஆரம்பித்துவிட்டது. ஐம்பதில் ஆறு என்பது வேறு, ஒன்பதில் ஆறு என்பது வேறு. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். "ஒன்றும் இல்லை" என்ற பதிலுக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

நம் ஊரில் இதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020இல் மாநகராட்சி ஆட்கள் வெயிலில் வீடு வீடாக வந்து காய்ச்சல் இருக்கிறதா இருமல் இருக்கிறதா என்று கேட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடு முழுக்கவும் 2004இலிருந்து நோய்க் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள்: எஸ் சுகாதாரப் பணியாளர் நிரப்புவது, பி டாக்டர் நிரப்புவது, எல் ஆய்வகம் நிரப்புவது. மூன்றுமே நோயாளி யார் கண்ணிலாவது பட்ட பிறகுதான். நம்மில் எத்தனை பேர் சாதாரண இருமலுக்கு டாக்டரிடம் போகிறோம்? முனையில் இருக்கும் மெடிக்கலில் நாலு மாத்திரை, ராத்திரி மிளகு ரசம், ஆவி பிடித்தல், மூன்றாம் நாள் ஆபீஸ். அந்த இருமல் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. திங்கட்கிழமைக் கேள்வி அதைத்தான் பிடிக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, 78 வயசு. நுரையீரல் பிரச்சினை பல வருடமாக. கட்டில் பக்கத்தில் நெபுலைசர் எப்போதும் தயாராக இருக்கும். சாதாரணச் சளி பிடித்தாலும் அவருக்கு அது பதினைந்து நாள் போராட்டம், ஒரு தடவை ஐசியு வரை போய் வந்தவர். போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த செவ்வாய்க்கிழமை, பால் வாங்கக் கீழே போனபோது லிஃப்ட் பக்கத்துத் தாளைப் பார்த்தேன். "5 முதல் 12 வயது, காய்ச்சலோடு இருமல்: போன வாரம் 5 வீட்டுக்குக் கீழ். இந்த வாரம் 11 வீடு." அதன் கீழே நர்ஸ் அக்கா கையால் எழுதியிருந்தார்: "பெரியவர்கள் இருக்கும் வீடுகள் கவனம்." என் பையனுக்கு 8 வயசு, தாத்தா ரூமில்தான் தூங்குவான். அன்றைக்கு ராத்திரியே அவன் பாயை ஹாலுக்கு மாற்றினோம், அழுதான். மாமாவின் சாயங்கால கேரம் ஆட்டத்தை இரண்டு வாரம் நிறுத்தினோம், அவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வியாழக்கிழமை பையனுக்கு இருமல் ஆரம்பித்துவிட்டது, 101 டிகிரி காய்ச்சல். மாமாவுக்கு வரவில்லை. பாயை மாற்றியதால்தான் தப்பித்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எங்களுக்கு அந்த இரண்டு நாள் முன்கூட்டியே கிடைத்தது, முந்தைய வருடங்களில் அது கிடைத்ததே இல்லை.

சென்னையில் ஃப்ளூ வடக்கே மாதிரி இல்லை என்பதையும் இதில்தான் கற்றுக்கொண்டேன். டெல்லியில் தென்மேற்குப் பருவமழையோடு ஏறும், நமக்கு வடகிழக்குப் பருவமழையோடுதான் ஏறுகிறது. சில வருடம் அதையும் மீறி வரும், 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 1000 காய்ச்சல் முகாம்கள் நடத்தினார்கள். அதனால் வருடம் முழுக்கக் கேட்பதுதான் சரி என்று கோடையிலும் நிறுத்தாமல் நடத்துகிறார்கள். பங்குனியில் பதில் போட அலுப்பாகத்தான் இருக்கும், போடுங்கள்.

அப்புறம், மழைக்காலத்தில் நமக்கு டெங்குவும் இருக்கிறதே. காய்ச்சல் என்று மட்டும் கேட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 38 டிகிரி செல்சியஸ், அதாவது நம் தெர்மாமீட்டரில் 100.4, அல்லது அதற்கு மேல் காய்ச்சலும் கூடவே இருமலும் பத்து நாளுக்குள் ஆரம்பித்திருந்தால்தான் ஃப்ளூ போன்ற நோய் என்று எண்ண வேண்டுமாம். நர்ஸ் அக்கா அப்படித்தான் பிரிக்கிறார். பாதிப் பேர் "உடம்பு கதகதன்னு இருந்துச்சு" என்று எழுதியதால் "தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். நல்ல மாற்றம்.

குறைகளும் இருக்கின்றன. எந்தக் கிருமி என்று இது சொல்லாது, இன்ஃப்ளூயன்சாவா, ஆர்எஸ்வி என்ற இன்னொரு சளி வைரஸா, கொரோனாவா என்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும். மூச்சு வாங்கினால் படிவத்தை நிரப்பிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள், அது சரி. ஆரம்பத்தில் ஒரு பெரிய தவறும் நடந்தது. பிளாக் வாரியாக, வயசு வாரியாகத் தாளில் போட்டார்கள். ஏ பிளாக்கில் கைக்குழந்தை இருப்பது ஒரே வீடு. யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அந்தக் குழந்தையின் அக்காவை ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை, அந்த அம்மா இரண்டு மாதம் பதிலே போடவில்லை. மூன்று பேரும் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அதிலிருந்து பிளாக் பெயர் கிடையாது, ஐந்து வீட்டுக்குக் குறைவாக இருந்தால் எண்ணும் கிடையாது. சங்கச் செயலாளரே கேட்டும் எந்த வீடு என்று அவர்கள் சொல்லவில்லை, அதற்காகவே நான் இவர்களை நம்புகிறேன்.

கூகுள் 2008இல் தேடல்களை வைத்தே ஃப்ளூவைக் கணிக்கப் பார்த்து, 2012-13 சீசனில் ரொம்பவும் கூட்டிச் சொல்லி, 2015இல் அதை நிறுத்திவிட்டதாம். புள்ளியியல் படிக்கும் பெண் சொன்னாள். பயந்து தேடுகிறவரும் படுத்திருக்கிறவரும் அதற்கு ஒன்றாகத் தெரிவார்கள் இல்லையா? இங்கே நேராக ஆளையே கேட்கிறார்கள்.

எனக்கு மனசு ஆறாத குறை வேறு. வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பது வீட்டுக்காரர்களும் வாடகைதாரர்களும்தான். காவலாளி, பெருக்குகிறவர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை. ஒரு நாளில் நான்கு வீட்டுக்குள் போய் வருகிற ஒருவரை விட்டுவிட்டு இருமலை எண்ணி என்ன செய்ய? அவர்களும் காய்ச்சலோடுதான் வேலைக்கு வருகிறார்கள், லீவு எடுத்தால் சம்பளம் பிடிக்கிற வீடுகள் இங்கேயே இருக்கின்றன. கேட்டுக் கேட்டு, இந்த ஆடியிலிருந்து அவர்களையும் சேர்த்தார்கள், விருப்பம் இருப்பவர்களிடம் யாராவது வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். காய்ச்சல் லீவுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சங்கத்திலும் பேசியிருக்கிறோம், எல்லா வீடும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். இந்தக் கணக்கு எங்கள் கேட்டைத் தாண்டி வெளியே போவதில்லை, பக்கத்துக் குடியிருப்புகளும் சேர்ந்து வார்டு அளவில் நடந்தால் மீதி ஒன்றையும் கொடுப்பேன். யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால் படிவத்தை அப்படியே தருவதாகச் சார் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு நான்தான் கேட்டுப் போடுகிறேன். இன்றைக்குத் திங்கட்கிழமை, நேற்று ராத்திரியிலிருந்து மழை, அக்கா இன்னும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அவர் வரிசை மட்டும் காலியாக இருக்கிறது, மழை விட்டதும் வீட்டுக்கே ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.