படகுக்குப் பெயின்ட் அடிக்க முன்பணம் கொடுக்கிறவர்களே, என் 3,200 பவுண்டு போன கதையைக் கேளுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,200 பவுண்டு. அது திரும்ப வராது என்று நேற்றுதான் உறுதியானது.

இங்கிலாந்தில் மக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயில் 57 அடி நேரோபோட்டில் குடியிருக்கிறேன். அகலம் ஏழடிகூட இல்லாத இரும்புப் படகு. 2025 வசந்தத்தில் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காணாத வறட்சி, நீர்த்தேக்கங்கள் இறங்கிப்போய் கோடையில் கால்வாய் நிர்வாகத்தார் லாக்குகளை, அதாவது படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளை, பூட்டிவிட்டார்கள். ஒரு தடவை லாக்கைத் திறந்து மூடினாலே சுமார் ஒரு லட்சம் லிட்டர் கீழே போய்விடும், அதனால் அவர்கள்மேல் குறை இல்லை. சரி, நகரவும் முடியாது, மழையும் இல்லை, பெயின்ட் வேலையையாவது முடிப்போம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

படகுக்காரர்களுக்கு வேலையாள் பிடித்துக் கொடுக்கும் ஓர் இணையதளம். அதில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக்கோடு ஒருவர். வந்தார். ஜன்னல் சட்டத்துக்குக் கீழே துரு பொரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டி, அந்தத் தூளை விரல்களுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பார்த்தார். அதில் விழுந்தேன். துருவை முகர்ந்து பார்க்கிற ஆள் தொழில் தெரியாதவராகவா இருப்பார்? டீ போட்டுக் கொடுத்தேன், பிஸ்கட் வேறு.

"வறட்சி உங்களுக்கு அதிர்ஷ்டம். தண்ணீர் இறங்க இறங்க அடிப்பக்கம் வெளியே தெரியும், தண்ணீரை வடித்துவிட்டுப் படகை நிறுத்தும் டிரை டாக் செலவே வேண்டாம், கரையில் நின்றே தார் பூசிவிடுகிறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். தண்ணீர் இறங்கினால் படகும் கூடவே இறங்காதா? குளத்து அல்லிக்குத் தெரிந்தது எனக்கு உறைக்கவில்லை. தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும் என்று அவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது, அன்றிரவே 3,200 பவுண்டையும் நேராக அவர் கணக்குக்கு அனுப்பினேன்.

வேலை இரண்டே நாள். கையை வைத்தால் சுடுகிற தகட்டின்மேல், உச்சி வெயிலில், துருவைச் சுரண்டாமல், பேருக்கு ஒரு கை ப்ரைமர் (அடிப்பூச்சு), மேலே கரும்பச்சை எனாமல். சூடான இரும்பில் பூச்சு மேலே மட்டும் சட்டென்று காய்ந்து தோல் கட்டும், உள்ளே இருப்பது வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். பத்தாம் நாள் பார்த்தால் கூரை முழுக்க எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்புளம். ஒன்றை விரலால் அழுத்தினேன், உடைந்தது, உள்ளே பழைய துரு பல்லிளித்தது. தார் டப்பாவை அவன் திறக்கவே இல்லை.

போன் செய்தால் முதலில் "இரும்பு மூச்சு விடுகிறது, தானாக அடங்கிவிடும்" என்றான். அப்புறம் முதுகுவலி. அப்புறம் "லாக் திறந்ததும் வருகிறேன்", இத்தனைக்கும் அவன் வந்து போவது வேனில்! இப்போது ரிங் மட்டும் போகிறது. தளத்துக்காரர்கள், "அறிமுகம் செய்து வைப்பதோடு எங்கள் வேலை சரி, பணத்தை நீங்கள்தான் வெளியே கட்டியிருக்கிறீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். வங்கியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்து, வேலை கொஞ்சமாவது நடந்திருப்பதால் இது மோசடி ஆகாது, உங்கள் இருவருக்கும் இடையிலான தகராறு என்று கைகழுவினார்கள். 3,200 பவுண்டு போயிருக்கிறது, தகராறாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் என்றால் இங்கே கார்டு நிறுவனமும் சட்டப்படி பொறுப்பு. சுடுகிற தகட்டில் பிரஷ் வைக்கிறவனை உடனே நிறுத்துங்கள், காலைப் பனி காய்ந்த பிறகு நிழல் விழும் பக்கமாகத்தான் அடிக்க வேண்டும். தார் பூச வேண்டுமென்றால் படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தே ஆக வேண்டும், வேறு வழி இருக்கிறது என்பவனிடம் டீகூடக் கொடுக்காதீர்கள்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். பச்சை டிக் அப்படியே இருக்கிறது. மாதிரி வேலை என்று புதிதாக ஒரு படம் போட்டிருக்கிறான். என் படகு. பெயின்ட் ஈரம் காயாத அன்று எடுத்தது, பளபளவென்று இருக்கிறது.