நேட்டால் கப்பல் பட்டியல் எடுத்துத் தருகிறேன் என்றவரிடம் 28,000 ரூபாய் ஏமாந்தோம்

உங்கள் வீட்டு முன்னோர் யாராவது வெள்ளைக்காரன் காலத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியவராக இருந்தால், அவர் பதிவைத் தேடித் தருவதாகச் சொல்பவருக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அம்மாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு முனிசாமி என்று ஒரு தம்பி. ஊர் ஆற்காட்டுக்குப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78ல், மதராஸுக்கு நடந்தே போய்க் கப்பல் ஏறினாராம். எங்கள் வீட்டில் அவர் 'நட்டால் தாத்தா'. நேட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் அப்போது இருந்த வெள்ளைக்காரக் காலனி, டர்பன் அதன் துறைமுகம். போனவரிடம் இருந்து ஒரு வரி வந்ததில்லை. இருக்கிறாரா செத்தாரா என்று தெரியாததால், ஆடி அமாவாசைப் படையலில் அவருக்கென்று ஒரு இலை போடும் வழக்கம் நாலு தலைமுறையாக இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 78 வயது. "அவர் எங்க போய்ச் சேர்ந்தார்னு தெரிஞ்சா போதும்டி" என்று வருஷா வருஷம் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வார்.

போன வருஷம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் கப்பல் பதிவை எடுத்து, முத்திரையோடு சான்று நகல் தருவார்களாம். நான்தான் பேசினேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். முதலில் 12,000, அப்புறம் "டர்பன் காப்பகக் கட்டணம்" என்று 9,000, கடைசியில் சான்றொப்பத்துக்கு 7,000. மொத்தம் 28,000 ரூபாய். மூன்று மாதம் கழித்துக் கூரியரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் வந்தது. பழுப்பேறிய தாள், சாய்ந்த கையெழுத்து, சிவப்பு அரக்கு முத்திரை. எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்த தேதி. அம்மா அதைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டார். பூஜை அறையில் மாட்டிக் குங்குமம் வைத்தார். அந்த வருஷம் ஆடி அமாவாசையில் அவருக்கு இலை போடவில்லை. "இனிமேல் அவர் திதியிலேயே கொடுக்கலாம்" என்று, தாளில் இருந்த தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்து வைத்துக்கொண்டார்.

பொய்யைக் கண்டுபிடித்தது என் பெரியப்பா மகன், கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கு வந்தபோது சட்டத்துக்கு முன்னால் நின்று படித்தார். "ஏம்மா, 1860ல ராணிப்பேட்டை மாவட்டம் ஏது? 2019ல தானே பிரிச்சாங்க?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று ஊர் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. இவ்வளவு நாளாகத் தினமும் விளக்கேற்றும்போது அந்த வரியைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் உறைக்கவில்லை.

அதற்கப்புறம் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரியும் கையோடு வந்தது. கப்பல் பெயர் 'ட்ரூரோ' என்று இருந்தது. அது நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல். மதராஸில் இருந்து கிளம்பி 342 பேரோடு 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. எங்கள் தாத்தா போனதோ தாது வருஷத்தில், பதினாறு வருஷம் கழித்து. இதை நான் தாள் வந்தபோதே அந்த ஆளிடம் கேட்டேன். "வாய்வழிக் கதையில் வருஷம் முன்னே பின்னே இருக்கும் மேடம்" என்று வாயை அடைத்துவிட்டார். பஞ்சத்தை எந்தக் குடும்பமும் வருஷம் மாற்றி நினைவு வைத்திருக்காது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஏறிய இடம் நாகப்பட்டினம் துறைமுகம் என்று எழுதியிருந்தது. நாகப்பட்டினத்தில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது பினாங்கு, மலாயா பக்கம். ட்ரூரோ கிளம்பியது மதராஸில் இருந்து. 1860ல் மதராஸில் கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்கத் துறைமுகமே கிடையாது. மணலில் இருந்து மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் விடுவார்கள். தாளில் கங்காணி, அதாவது ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் மேஸ்திரி, பெயரும் இருந்தது. கங்காணி முறை இலங்கைக்கும் மலாயாவுக்கும் உரியது. நேட்டால் விஷயம் வேறு. 1859ல் அந்தக் காலனி அரசே சட்டம் போட்டு, மதராஸில் ஏஜெண்டு வைத்து, ஆள் எடுத்தது. செலவில் ஒரு பங்கு அரசுடையது, மீதி கரும்புத் தோட்ட முதலாளிகளுடையது. முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. அரசு நடத்திய ஏற்பாடு என்பதால்தான் ஆளுக்கொரு எண் போட்டுப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதி வைத்தார்கள்.  

அந்த எண்ணையும் சொல்கிறேன். எங்கள் தாளில் 1,68,407. 1860 முதல் 1911 வரை, ஐம்பத்தோரு வருஷத்தில், நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் எல்லாரையும் கூட்டினாலே சுமார் 1,52,000 பேர்தான். முதல் கப்பலில் போன ஒருவருக்கு அந்த எண் எப்படி வரும்?

தாள் விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆவணத்தில் உள்ளபடிதான் கொடுத்திருக்கிறோம்" என்றார். மறுநாள் என் போன் எண்ணை முடக்கிவிட்டார். குடியாத்தத்தில் எங்கள் தூரத்து உறவு ஒருவரும் அதே ஆளிடம் வாங்கியிருந்தார். அவர் வீட்டுத் தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பெயர் வேறு, ஊர் வேறு. கப்பலும் எண்ணும் அதேதான், 1,68,407.

எனக்கு ஆத்திரம் பணத்துக்காக மட்டும் இல்லை. இப்படிப் போனவர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிந்து 1871ல் 'ரெட் ரைடிங் ஹுட்' கப்பலில் மதராஸுக்குத் திரும்பியவர்கள், சவுக்கடியையும் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியையும் அதிகாரிகளிடம் சொன்னார்கள். அதன் பேரில்தான் 1872ல் நேட்டாலில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1866ல் நின்றுபோயிருந்த ஆள் எடுப்பு 1874ல்தான் மறுபடி தொடங்கியது. எங்கள் தாத்தா போனது அதற்கப்புறம். அப்படிப்பட்டவர்கள் பெயரில் போலித் தாள் அச்சடித்து விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உண்மையான கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தட்டச்சு செய்த பட்டியல் இணையத்திலும் கிடைக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதுதான் அங்கே இருக்கும். முனிசாமி 'மூன்சாமி' ஆவார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆவார். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் நம்புங்கள். யாராவது தேடித் தருகிறேன் என்றால், மூலப் பக்கத்தின் படத்தை, முன்பின் இருக்கும் பெயர்களோடு, அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். அழகாகச் சட்டம் போட்டுத் தரும் தாள் வேண்டாம். மொரீஷியஸ் பதிவு என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். நான் மாதக்கணக்கில் தாமதித்துப் புகார் கொடுத்தேன், இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

அம்மாவிடம் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆனது. முழுவதும் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தைக் கழற்றிக் குங்குமத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தார். புகாருக்கு வேண்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் தேடியதில் வட ஆற்காட்டு முனிசாமிகள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் கிராமப் பெயர் சரியாகப் பொருந்தவில்லை. இந்த ஆடி அமாவாசைக்கு அம்மா மறுபடி அந்த இலையைப் போட்டார்.