பழுது எஸ்எம்பிஎஸ்ஸில், மாற்றியது மதர்போர்டை: ஓர் எச்சரிக்கை

பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தாமே பூட்டிய மேசைக் கணினியைப் பழுதுபார்க்கும் நிலையத்தில் ஒப்படைக்க இருப்பவர்கள், ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுவது நல்லது. நன்றாக இருந்த மதர்போர்டைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை என் தலையில் கட்டினார்கள். உண்மையில் கெட்டுப்போயிருந்த எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியை, அப்படியே விட்டுவைத்தார்கள். போதாக்குறைக்கு ஒரு ரேமும் மாறிப்போயிருந்தது. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கோளாறு இதுதான். சாதாரண வேலைகளில் கணினி நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். வீடியோ ரெண்டர் செய்யும்போதோ கனமான விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போதோ, நீலத்திரை எதுவும் வராமல் சட்டென்று அணைந்து, சில நொடிகளில் தானாகவே மீண்டும் எழும். விண்டோஸின் ஈவண்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கும். அதைத் திறந்தால் பக்செக்கோடு (பிழை எண்) 0 என்று காட்டும். கணினி முறையாக மூடப்படாமல் மறுதொடக்கம் ஆனது என்பதை மட்டுமே 41 சொல்லும், எந்தப் பாகம் காரணம் என்று சொல்லாது. எனினும் அந்த எண் 0 ஆக இருந்தால், பெரும்பாலும் விண்டோஸுக்குப் பிழையைக் குறித்துக்கொள்ளக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள் என்பதால், மின்சாரம் வரும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சூட்டினால் அணைகிறதோ என்று எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையைத் தொடர்ந்து பதிந்து பார்த்ததில், அணைவதற்கு முந்தைய கடைசி வரியில்கூடப் பிராசஸர் 70 டிகிரியைத் தாண்டவில்லை. மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிட்டதில் ரேமில் ஒரு பிழையும் தென்படவில்லை. இவற்றையெல்லாம் ஒரு தாளில் அச்சிட்டுக் கணினியோடு சேர்த்தே கொடுத்தேன்.

அந்தத் தாளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "மதர்போர்டு போயிடுச்சு சார், விஆர்எம் அவுட்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். பிராசஸருக்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும், மதர்போர்டிலேயே இருக்கும் பகுதிதான் விஆர்எம். எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதித்தீர்களா என்று கேட்டதற்கு, "அது பக்கா, டெஸ்டர்ல போட்டுப் பாத்தாச்சு" என்று பதில் வந்தது.

இந்த டெஸ்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் ஏமாற்றப்பட்டது அதைக் காட்டித்தான். எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிப்பதாகச் சொல்பவர்களில் சிலர் 24 பின் இணைப்பியில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்து, விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்கள் உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியில் இணைப்பிகளைச் செருகி, அதன் திரையில் தெரியும் எண்களைப் படிப்பார்கள். 12 வோல்ட் தடத்தில் 5 சதவீத விலகல் வரை அனுமதி உண்டு, அதாவது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். என்னுடையது அந்தப் பெட்டியில் 12.1 என்று காட்டியதாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இழுப்பதோ மிகச் சொற்ப மின்சாரம். காலி லாரியை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது பாரம் தாங்கும் என்று சான்றிதழ் கொடுப்பதற்கு ஒப்பான சோதனை இது.

இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தம் வழக்கமான அளவைவிட மிக அதிகமான மின்சாரத்தைத் திடீரென்று இழுப்பவை. 2022-இல் வெளிவந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, உயர்திறன் எஸ்எம்பிஎஸ்கள் 100 மைக்ரோநொடி அளவுக்கு, தமக்குக் குறிக்கப்பட்ட வாட் திறனில் 200 சதவீதம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று வரையறுத்தது இந்தத் துள்ளலை மனத்தில் கொண்டுதான். மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கணத்தில் 12 வோல்ட் சரியும். 'மின்சாரம் சீராக இருக்கிறது' என்று மதர்போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சைகை விழும். மதர்போர்டு உடனே எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிடும். சாதாரண மல்டிமீட்டர்கூட இந்த வேகத்தைப் பிடிக்காது. ஆகவே, நல்ல நிலையில் இருப்பது உறுதியாகத் தெரிந்த, போதிய வாட் திறனுள்ள வேறோர் எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தி, அதே கனமான வேலையைக் கொடுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஓரிடத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் நம்புவதற்கில்லை.

புதிய மதர்போர்டோடு வந்த கணினி அதே வேலையில் அதேபோல அணைந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, கொஞ்சமும் தயங்காமல், இப்போது கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார்கள். அதற்குச் சம்மதிக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்து, நண்பர் ஒருவரின் எஸ்எம்பிஎஸ்ஸை அதன் கேபிள்களோடு வாங்கிப் பொருத்தினேன். ரெண்டர் தடங்கலின்றி முடிந்தது. பழையதை மறுபடியும் பொருத்தியதும் சிறிது நேரத்தில் அணைந்தது. இப்படித் திருப்பிப் போட்டுப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. இணைப்பி ஒன்று தளர்ந்திருந்து, கழற்றி மாட்டியதிலேயே கோளாறு தீர்ந்திருக்கவும் கூடும்.

ரேம் விவகாரம் அதன் பிறகே தெரியவந்தது. சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் 1600-ஐ ஒட்டி இருக்க வேண்டிய வேகம் 1333 என்று நின்றது. டிடிஆர் ரேமின் விளம்பர வேகத்தில் பாதியைத்தான் அந்தப் பக்கம் காட்டும் என்பதால், 3200-இல் ஓடவேண்டியவை 2666-இல் ஓடிக்கொண்டிருந்தன. அதே மென்பொருளில் ரேமின் தயாரிப்பு விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தபோது, ஜோடியாக வாங்கிய இரண்டில் ஒன்றின் பார்ட் எண் வேறாக இருந்தது. வேகம் குறைந்த ஒன்றைச் சேர்த்தால் மற்றதும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். "நீங்க குடுத்ததே இதுதான்" என்றார்கள். கணினியைப் பூட்டிய அன்று ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் படம்பிடித்து வைத்திருந்ததால் அந்தப் பேச்சு அதற்கு மேல் நீளவில்லை. கழற்றிய மதர்போர்டைக் கேட்டதற்கோ, குப்பைக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

வாக்குவாதம் முற்றியபோது, இலவசமாகவே வேறு எஸ்எம்பிஎஸ் போட்டுத் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். அங்கிருந்த பையன் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் உருவிவிட்டு, உள்ளே கட்டியிருந்த கேபிள்களைப் புதியதில் செருகப் போனான். பிளக் பொருந்துகிறதே என்றான். உடனே தடுத்தேன். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில் மதர்போர்டு பக்கத்து முனைகளுக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைகளில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சில சமயம் ஒரே தயாரிப்பாளரின் மாடல்களுக்கிடையிலும் மாறும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே எரிந்துபோகலாம், அதிலிருக்கும் கோப்புகளோடு சேர்த்து.

எனவே ரசீதில் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் சீரியல் எண்களை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றும் பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரு வரியையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாகம் போய்விட்டது என்று சொன்னாலும், நல்ல பாகத்தை மாட்டிக் கோளாறு நிற்பதைக் கண்ணெதிரே காட்டினால்தான் பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான தொழில்நுட்பர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

அவர்கள் தருவதாகச் சொன்ன எஸ்எம்பிஎஸ்ஸை நான் வாங்கிக்கொள்ளவில்லை. என் பழைய எஸ்எம்பிஎஸ் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே இருந்ததால், தயாரிப்பு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினேன். கட்டணம் எதுவும் கேட்காமல் புதியது கொடுத்தார்கள். தேவையே இல்லாத மதர்போர்டுக்குக் கொடுத்த பணத்தையும் என் ரேமையும் கேட்டு எழுதிய கடிதத்துக்கு நிலையத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.