ஏரி நீர் இருப்பு: எந்த வரைபடம் உள்ளதைச் சொல்கிறது?

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் சோழவரம் 100 சதவீதம், செம்பரம்பாக்கம் 30 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், சோழவரத்தில் மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர் இருப்பதாகத் தோன்றும். சோழவரத்தின் முழுக் கொள்ளளவே 1,081 மில்லியன் கன அடிதான். செம்பரம்பாக்கத்தின் 3,645இல் 30 சதவீதம் 1,094. ஆக, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்.

எந்த ஏரி நிரம்பப் போகிறது, உபரிநீரைத் திறக்க வேண்டுமா என்று பார்க்கச் சதவீதப் பட்டை சரி. சென்னைக்குக் குடிக்க எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கன அடிப் பட்டைதான் வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் காட்டும் வழியே எங்கள் தேர்வு: கொள்ளளவை வெறும் கட்டமாக வரைந்து, அதற்குள் இருப்பை நீலத்தால் நிரப்புங்கள். எக்செல்லில் கொள்ளளவை முதல் தொடராகவும் இருப்பை இரண்டாவதாகவும் கொடுத்து, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவான 'சீரீஸ் ஓவர்லேப்'பை 100 ஆக்கினால் போதும்.

நீர்மட்டத்தை அடிக்கணக்கில் வரைவது இன்னொரு வழக்கம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. 12 அடி நிற்கிறது என்றால் பாதித் தண்ணீர் என்று பொருளல்ல. ஏரி கீழே குறுகி மேலே விரிவதால் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

வட்ட வரைபடம் இந்த வேலைக்கு ஆகாது. பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பி 11,257 மில்லியன் கன அடி இருந்தாலும், நான்கும் கால்வாசியாக வற்றினாலும் வட்டம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

காலப்போக்கில் வரும் மாற்றத்தைக் காட்டப் பட்டையா, கோடா? மாத மழை என்பது சேர்ந்த அளவு, அதற்குப் பட்டை. ஏரி இருப்பு நாளுக்கு நாள் தொடரும் நிலை, அதற்குக் கோடு. பட்டையில் உயரமே அளவு என்பதால் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கியே தீர வேண்டும். 3,000ஐயும் 3,200ஐயும் 2,900இலிருந்து வரைந்தால் இரண்டாவது பட்டை மும்மடங்காக நிற்கும். உண்மையான உயர்வு 7 சதவீதம்கூட இல்லை. எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சின் அடியை வெட்டிவிடும். அச்சு அமைப்பில் உள்ள 'மினிமம்' கட்டத்தில் 0 என்று நாமே போட வேண்டும். கோட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, தொடக்க எண் தெளிவாகத் தெரிந்தால் சரி.

மழைக்கு இடப்பக்க அச்சு, இருப்புக்கு வலப்பக்க அச்சு என்று ஒரே படத்தில் திணிக்காதீர்கள். அளவுகோலை மாற்றினால் இரண்டு கோடுகளையும் விரும்பிய இடத்தில் சந்திக்க வைக்கலாம். மேலும் கீழுமாக இரண்டு படங்கள் போடுங்கள், மாதங்கள் நேருக்கு நேர் நிற்கட்டும்.

கடைசியாக, ஆண்டை எங்கே வெட்டுவது? ஜனவரி முதல் டிசம்பர் வரை வரைந்தால், 2019இல் ஏரிகள் வறண்டது தெரியும், 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது படத்துக்கு வெளியே போய்விடும். அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடித்தால் இரண்டும் ஒரே கோட்டில் வரும்.