ஆர்டிஎக்ஸ் 3060: சில வருடம் ஓடிய பிறகு தெரியும் வித்தியாசம்

2021 பிப்ரவரியில் வந்த இந்த கிராபிக்ஸ் கார்டுக்கு, சிப்பை வடிவமைத்த என்விடியா தன் சொந்தப் பெயரில் விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷனை விடவில்லை. ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஸோடாக் என எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே அதே 3584 கோர், 12 ஜிபி மெமரி, 170 வாட்தான். விதிவிலக்கான 8 ஜிபி மாடலை மட்டும் தவறிக்கூட எடுத்துவிடாதீர்கள். பெயர் அதேதான் என்றாலும் சிப்புக்கும் மெமரிக்கும் இடையே தரவு போகும் பாதையான மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியிருக்கும். கேம்களில் அடி நன்றாகவே தெரியும்.

ஓவர்கிளாக், அதாவது தயாரிப்பாளரே வேகத்தைக் கூட்டியது என்பதைக் குறிக்கும் ‘ஓசி’ என்ற இரண்டு எழுத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். என்விடியா சொல்லும் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ், எம்எஸ்ஐயின் கேமிங் எக்ஸ் போன்ற விலை கூடிய மாடலில் 1837. மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சூடு ஏறாமல் இருந்தால் சாதாரண மாடலே தானாக 1900-ஐ ஒட்டி ஓடும்.

பணம் போக வேண்டிய இடம் கூலர். 220 மி.மீ. அளவிலான இரட்டை ஃபேன் கார்டு சின்ன கேபினெட்டில் அடங்கும், ஆனால் ஹீட்சிங்க் சிறியது என்பதால் ஃபேன் எப்போதும் வேகமாகச் சுழலும். ஃபேனின் அச்சு குண்டுகள் இல்லாத வெறும் குழாயில் சுழலும் ஸ்லீவ் பேரிங் என்றால் அதுதான் முதலில் தேயும்: ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம், சூடானதும் அடங்கிவிடும். ஆசுஸின் டஃப் மாடலில் இருப்பது போன்ற, குண்டுகள் மேல் சுழலும் டபுள் பால் பேரிங் நீண்ட நாள் உழைக்கும். டஃப் போன்ற 300 மி.மீ. நீளக் கார்டுகளுக்கு அடியில் ஒரு தாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் முனை தொங்கும். கார்டின் மின்சுருள் எழுப்பும் ரீங்காரமான காயில் வைன் மட்டும் பிராண்ட் பார்த்து வருவதில்லை. ஒரே மாடலில் ஒன்று ரீங்காரமிடும், இன்னொன்று மௌனமாக இருக்கும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ஜிபியு (கார்டின் சிப்) வெப்பநிலையையும், அதன் மிகச் சூடான புள்ளியான ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். 10 முதல் 15 டிகிரி இடைவெளி இயல்பு. 25-ஐத் தாண்டினால், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் சிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கியிருக்கும். மாற்றுவதற்கு முன் வாரண்டி விதியைப் படித்துவிடுங்கள். ஹீட்சிங்கைத் தூக்கும்போது ஃபேன் வயரை இழுத்துவிடாமல் முதலில் கனெக்டரைக் கழற்றுங்கள். மெமரி போன்றவற்றின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேட் கிழிந்தால் கவனம், நிறுவனத்துக்கு நிறுவனம் தடிமன் மாறும். நடுப்பகுதி நசுங்கியிருக்கும் என்பதால், அழுத்தம் படாத ஓரத்தில் கேலிப்பர் வைத்து அளந்து வாங்குங்கள். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பிறகும் இடைவெளி குறையவில்லை என்றால் போட்ட பேட்டின் தடிமன் அதிகமாகி ஹீட்சிங்க் சிப்பில் படியாமல் நிற்கிறது. கழற்றி, மெல்லிய பேட் போடுங்கள்.