நமீபியாவில் வாடகை வண்டியும் சிம் கார்டும்: ஒரு பயணியின் மதிப்பீடு

நமீபியாவில் வாடகைக்கு எடுக்கும் வண்டியையும் அங்கே வாங்கும் சிம் கார்டையும் தனித்தனியாக மதிப்பிடுவது சரியாகாது. சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நாட்டில், 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 30 லட்சம் பேர்தான் வாழ்கிறார்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் வடக்கு எல்லையை ஒட்டிய பகுதிகளிலும் தலைநகர் விண்ட்ஹூக்கிலும் இருக்கிறார்கள். பயணிகள் விரும்பிச் செல்லும் மேற்குப் பாலைநிலத்தில் சிக்னல் அற்றுப்போகும்போது, வண்டியில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்பதே நம்மைக் காக்கும்.

சிம் கார்டு வாங்குவது எளிது. நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹோசியா குடாகோ விமான நிலையத்திலேயே எம்டிசி என்ற கைபேசிச் சேவை நிறுவனத்தின் விற்பனையகம் இருக்கிறது. 2023 முதல் சிம் பதிவு கட்டாயம் என்பதால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ‘அவே’ என்ற பெயரில் விற்கப்படும் வாரத் திட்டங்கள் பயணிகளுக்குப் போதுமானவை. விண்ட்ஹூக், ஸ்வகோப்மண்ட், வால்விஸ் பே ஆகிய நகரங்களில் வீடியோ அழைப்பு தடையின்றி நடந்தது. நாட்டு மக்களில் 98 விழுக்காட்டினருக்குச் சேவையைக் கொண்டுசேர்க்கும் இலக்குடன் அந்நிறுவனம் 2017இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கணக்கு மனிதர்களை எண்ணுகிறதே தவிர நிலத்தை அளக்கவில்லை. யாரும் குடியிராத இடத்தில் டவரை எதிர்பார்க்கக் கூடாது. விடுதிகளில் வைஃபை உண்டு. ஆனால் பல இடங்களில் அது வரவேற்பறையைத் தாண்டி எட்டுவதில்லை.

வண்டியே முக்கியம். கூரைக் கூடாரம் பொருத்திய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை விண்ட்ஹூக்கிலுள்ள ஒரு நிறுவனத்திடம் எடுத்தோம். ஒப்படைத்த ஊழியர் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டிய பிறகே சாவியைக் கொடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே அந்நிறுவனத்தைப் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. இரண்டு ஸ்டெப்னிகள், காற்றடிக்கும் கருவி, அழுத்தமானி, இழுவைக் கயிறு ஆகிய அனைத்தும் இருந்தன. மணலில் ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை கேட்டதும் தயங்காமல் தந்தார்கள்.

எனக்கு உள்ள மனத்தாங்கல் காப்பீட்டைப் பற்றியது. இணையத்தில் முன்பதிவு செய்தபோது ‘முழுக் காப்பீடு’ என்றிருந்தது. வண்டியின் அடிப்பாகச் சேதம், மணற்புயலால் பெயின்ட் உரிவது, வேக வரம்பை மீறி வண்டி தானாகக் கவிழ்வது ஆகியவை அதில் அடங்கா என்பது கையெழுத்திடும் வேளையில்தான் தெரியவந்தது. இத்தகைய விலக்குகள் அங்கே பொதுவானவை என்றாலும், பணம் செலுத்துவதற்கு முன்பே அவற்றைத் தெளிவாகச் சொல்வதுதான் முறை. டயருக்கும் முன்கண்ணாடிக்குமான கூடுதல் காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள். சரளைக் கற்கள் முதலில் பதம் பார்ப்பது அவற்றைத்தான்.

சரளைச் சாலை பழகாதவர்களை ஏமாற்றக்கூடியது. அகலமாக, நேராக, ஆளின்றிக் கிடப்பதால் வேகம் தானாகவே கூடுகிறது. ஓரத்தில் குவிந்திருக்கும் தளர்ந்த கற்களில் சக்கரம் ஏறியதும் ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ பிரேக்கை அழுத்தினாலோ வண்டி உருண்டுவிடும். சட்ட வரம்பு எதுவாயினும் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் ஓட்டுவதே நல்லது. டயர் அழுத்தத்தைச் சரளைக்கு ஏற்பக் குறைத்து, தார்ச் சாலைக்கு வந்ததும் மீண்டும் ஏற்ற வேண்டும். குடு மான்கள் சாலையில் பாய்வதால், நகரங்களுக்கு வெளியே இரவில் ஓட்டுவதைப் பல ஒப்பந்தங்கள் தடைசெய்கின்றன. எனவே தொலைவை விட நேரத்தைக் கணக்கிட்டே அன்றாடப் பயணத்தை வகுக்க வேண்டும். பயண நேரத்தையும் குறிப்பிடும் டிராக்ஸ்ஃபோர்ஆப்பிரிக்கா வரைபடம் அதற்கு உதவுகிறது. அதன் காகிதப் பதிப்புக்கு சார்ஜும் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை.

நான்கு சக்கர இயக்கம் எல்லோருக்கும் வேண்டுமா? விண்ட்ஹூக், ஸ்வகோப்மண்ட், எட்டோஷா தேசியப் பூங்கா என்று மட்டும் செல்பவர்களுக்குச் சாதாரணக் காரே போதும். பாலைவன நுழைவாயிலான செஸ்ரியத்திலிருந்து மணற்குன்றுகள் சூழ்ந்த சோசஸ்ஃபிளே செல்லும் வழியில்கூடச் சுமார் 60 கிலோமீட்டர் தார்ச் சாலைதான். மணலான கடைசி 5 கிலோமீட்டருக்கு ஷட்டில் வண்டி கிடைக்கிறது. ஆனால் வால்விஸ் பேயிலிருந்து சொலிட்டேர் செல்லும் சி14 போன்ற சாலைகளுக்கு உயரமான வண்டி தரும் நிம்மதி, கூடுதல் வாடகைக்குத் தகும்.

பெட்ரோல் பங்க்குகளில் ஊழியரே நிரப்பி, கண்ணாடியையும் துடைத்துத் தருவார். டிப்ஸுக்குச் சில்லறை வைத்திருங்கள். நமீபிய டாலருக்கு இணையான மதிப்புள்ள தென்னாப்பிரிக்க ராண்டும் அங்கே செல்லும். பங்க்கைக் கண்டால், தொட்டி பாதி நிறைந்திருந்தாலும் நிரப்பிக்கொண்டே செல்லுங்கள்.

வண்டியுடன் சாட்டிலைட் போனையும் வாடகைக்குத் தருகிறார்கள். வழக்கமான சுற்றுப்பாதைக்கு அது வீண் செலவு. இடையிடையே வேறு வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். வடமேற்கிலுள்ள ஒப்புவோ ஊருக்கு வடக்கே, ஆள் நடமாட்டம் குறைந்த காவோகோலாந்துக்குச் செல்பவர்கள் மட்டும் அதைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒற்றை வண்டியாகவும் போகக் கூடாது.