ஆறாம் படிவமா, தனியார் கல்லூரியா? கால்குலஸை எங்கே தொடங்குவது

படிவம் 5 முடித்து எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் முடிவு வந்த வாரத்தில் பினாங்கில் எங்கள் வீட்டிலும் கோலாலம்பூரில் சித்தி வீட்டிலும் ஒரே பேச்சுதான் ஓடியது. பொறியியல்தான் என்று முடிவாகிவிட்டது. அதற்குமுன் எங்கே போவது? நான் பள்ளியிலேயே பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் ஆறாம் படிவத்துக்குப் போனேன். சித்தி மகள் சுபாங் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், பாதியை இங்கேயும் மீதியை அமெரிக்காவிலும் படிக்கும் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தில் சேர்ந்தாள். இரண்டு பேரையும் முதலில் உலுக்கியது கால்குலஸ் என்கிற நுண்கணிதம்தான். அதைத் தாண்டியாயிற்று. இப்போது சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதே கேள்வியோடு வருகிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆறாம் படிவத்தின் பக்கம்.

பணத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு ஆகும் செலவு பெரும்பாலும் புத்தகமும் பஸ்ஸும் பிரத்தியேக வகுப்பும்தான். தனியார் கல்லூரி என்றால் அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி சேமநிதிக் கணக்கு வரைக்கும் பேச்சு போகும். மறுபடியும் சீருடையா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பாடத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் இரண்டு இடத்திலும் உண்டு. ஆறாம் படிவத்தின் தேர்வான எஸ்.டி.பி.எம்-மின் கணிதம் (டி) பாடத்தில் இரண்டாம் தவணை (செமஸ்டர்) முழுக்கக் கால்குலஸ்தான். வகையீட்டுச் சமன்பாடு, மெக்லாரின் தொடர், நியூட்டன்-ராப்சன் போன்ற எண்முறைகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். கல்லூரியின் முதல் கால்குலஸ் பாடம் கால்குலஸின் அடிப்படைத் தேற்றத்தை ஒட்டி நின்றுவிடும். தொடர்களை அடுத்த பாடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் அவர்கள் செய்யும் கணக்குகளில் கதை அதிகம். சுவரில் சாய்ந்த ஏணி சறுக்கும்போது அதன் மேல்முனை எவ்வளவு வேகமாக இறங்கும், கூம்புத் தொட்டியில் நீர்மட்டம் எப்படி ஏறும் என்கிற மாதிரி. அந்தக் கணக்குகளில் சித்தி மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமில்லை.

அப்புறம் எதை வைத்து ஆறாம் படிவம் என்கிறேன்? இயற்கணிதத்தை வைத்து.

கால்குலஸில் தோற்கிறவர்களில் பலர் கால்குலஸில் தோற்பதில்லை என்பது இரண்டு பக்கத்தையும் பார்த்தபின் எனக்கு வந்த எண்ணம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸோடு 4-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடு, அதில் 2-ஐக் கழி, வந்ததை எக்ஸால் வகு. எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது என்ன ஆகும்? நேராக 0-ஐப் போட்டால் சுழியைச் சுழியால் வகுக்க வேண்டியிருக்கும், ஒன்றும் நகராது. மேலும் கீழும் அதே வர்க்கமூலத்தோடு 2-ஐக் கூட்டிப் பெருக்கினால், மேலே எக்ஸ் மட்டும் மிஞ்சும், கீழே இருக்கும் எக்ஸோடு அடிபட்டுப் போகும், விடை கால். இதில் கால்குலஸ் என்பது கடைசி வரி மட்டும்தான். மற்றதெல்லாம் வர்க்கமூலத்தைக் கையாளும் பழக்கம். ‘எல்லை புரியவில்லை’ என்று சொல்கிற பிள்ளையின் தாளைப் பாருங்கள், பாதி நேரம் அந்தப் பெருக்கலில்தான் நின்றிருக்கும்.

படிவம் 5 கூடுதல் கணிதத்திலேயே வகையிடலும் தொகையிடலும் வருகிறதே என்பார்கள். வருகிறது. ஆனால் அங்கே சைன், கொசைன், மடக்கை எதையும் வகையிடச் சொல்வதில்லை. அடுக்கைக் கீழே இறக்கி ஒன்றைக் குறைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில் கல்லூரிக்குள் போகிறவர்களுக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

ஆறாம் படிவத்தில் பாடங்களின் வரிசை நம் பக்கம் இருக்கிறது. முதல் தவணையில் சார்புகள், தொடர்கள், அணிகள், கலப்பெண்கள், பகுமுறை வடிவியல், வெக்டர்கள். கால்குலஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. பகுதிப் பின்னங்களாகப் பிரிப்பதை மாதக்கணக்கில் போட்டுப் போட்டு அலுத்துப்போவோம். இது எதற்கு என்று கேட்டால் ஆசிரியர் சிரிப்பார். இரண்டாம் தவணையில், எக்ஸையும் எக்ஸ் கூட்டல் 1-ஐயும் பெருக்கி, அதன் தலைகீழைத் தொகையிடச் சொல்வார்கள். கை தானாக அதை இரண்டு பின்னமாகப் பிரிக்கும். ஆளுக்கொரு மடக்கை, முடிந்தது. ரொட்டி சானாய்க்கு மாவை ஊறவைக்காமல் வீசினால் கிழிந்துபோகும். அந்த முதல் தவணை ஊறுகிற நேரம்.

கல்லூரியிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சேரும்போது ஒரு தகுதித் தேர்வு வைத்து, தேவைப்பட்டால் கால்குலஸுக்கு முந்தைய பாடத்தை எடுக்கச் சொல்வார்கள். ஆனால் பொறியியல் பட்டத்தின் கிரெடிட்டில் அது பொதுவாகச் சேராது. கிரெடிட் இல்லாத பாடத்துக்கு எதற்குக் கட்டணம், ஒரு தவணை எதற்கு வீண் என்று பெற்றோர் கணக்குப் போடுவார்கள். சித்தி வீட்டிலும் அதே பேச்சு நடந்தது. அவள் நேராகக் கால்குலஸில் உட்கார்ந்தாள். தவணைக்குச் சுமார் 14 வாரம். அதற்குள் புதுப்பாடத்தையும் கற்று, பழைய ஓட்டையையும் அடைக்க வேண்டும். “அக்கா, லெக்சரர் சொல்றது புரியுது, வீட்டுக்கு வந்து போட்டா வரல” என்று இரவில் போன் செய்வாள். கேட்டுப் பார்த்தால் மாட்டியிருப்பது ஏதாவது ஒரு முக்கோணவியல் சமன்பாடு. இதே பாடத்தைக் குறுந்தவணையில், பாதி வாரங்களில் எடுக்கிறவர்களும் உண்டு. அதைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது.

மதிப்பெண் முறையில் கல்லூரிக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. சின்னத் தேர்வு, இடுபணி, இடைத்தேர்வு என்று பிரித்து வைத்திருப்பதால் சறுக்குவது மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். கெடுவுக்குள் பாடத்திலிருந்து விலகிக்கொள்ளவும் முடியும், கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான் என்றாலும். எஸ்.டி.பி.எம்-மில் ஒவ்வொரு தவணைத் தாளும் ஒன்றரை மணி நேரம், 60 மதிப்பெண். 45-க்குக் கட்டாயக் கேள்விகள், மீதி 15-க்கு இரண்டில் ஒன்று. மூன்று தவணைத் தாள்களும் சேர்ந்து 80 விழுக்காடு, பள்ளி இடுபணி 20. அன்றைக்குக் காய்ச்சல் வந்தால் வந்ததுதான். ஆனால் முதல் இரண்டு தவணைத் தாள்களை மூன்றாம் தவணைக்குப் பிறகு மறுபடியும் எழுத வாய்ப்பு உண்டு. கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் மலாயிலேயே கணிதம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவுக்குப் போவது உறுதி, பணமும் தயார் என்றால் நான் சொன்னது எதையும் கேட்க வேண்டாம். கல்லூரியில் எடுத்த கால்குலஸ் கிரெடிட்டாகவே கூட வரும், அங்கே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இங்கேயே பொதுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் அந்த வசதியால் பெரிய பயனில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு வழிகள் உண்டு, அரசின் மெட்ரிகுலேஷனும் ஏ-லெவலும். இரண்டையும் நான் படித்ததில்லை. நண்பர்கள் சொன்னதை வைத்துத்தான் பேச முடியும். மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடிந்துவிடும், ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும் என்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் கப்பாளா பத்தாஸில் அந்தக் கல்லூரி இருக்கிறது. 10 ஏ எடுத்த எந்த இனத்துப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-இல் அரசு அறிவித்தபின் நம்மவர்களுக்கும் அது முன்பைவிடக் கைக்கெட்டும் வழியாகிவிட்டது. கிடைத்தால் விட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஏ-லெவலில் தூய கணிதத் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போவதால் இயற்கணிதத்துக்கு நேரம் கிடைக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் கட்டணம் மறுபடியும் கல்லூரிக் கட்டணம்தான்.

கல்லூரிதான் என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டவர்கள், எஸ்.பி.எம்-முக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் வகையிடலைத் தொடவே வேண்டாம். முக்கோணவியல் சமன்பாடுகள், மடக்கை விதிகள், பகுதிப் பின்னம், வர்க்கமூலக் கணக்குகள், இவற்றை மட்டும் தினம் கொஞ்சம் போடுங்கள். தகுதித் தேர்வைப் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் எழுதுங்கள். முந்தைய பாடத்தை எடு என்று சொன்னால், கிரெடிட் இல்லாவிட்டாலும் கட்டணத்தைக் கட்டி எடுத்துவிடுங்கள். கால்குலஸை இரண்டாம் முறை எடுப்பதற்கும் கட்டணம் உண்டு.